வடுவூர் நாரையும் தென்துருவப் பெங்குவினும்

தென்துருவத்துக்குப் போக வேண்டுமானால் எங்கே பஸ் ஏற வேண்டும், தெரியுமா? ஒரத்தநாட்டில்!

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். "தென்துருவத்தில் பெங்குவின்கள் போடுகிற எச்சத்தால் கடலுக்கு இரும்பும் துத்தநாகமும் கிடைக்கிறதாமே! அதைப் பற்றி எழுதும்" என்று ஆசிரியர் சொன்னார். நான் மிகவும் பணிவாக, "கப்பல் டிக்கெட்டா, விமான டிக்கெட்டா?" என்று கேட்டேன்.

"உமக்கு ஒரத்தநாட்டில் தாய்மாமன் இருக்கிறார் அல்லவா? இரண்டு நாள் போய்விட்டு வாரும். கட்டுரை அங்கேயே கிடைக்கும்" என்றார் அவர்.

ஆசிரியர்களின் தாராளம் பஸ் டிக்கெட்டோடு நின்றுவிடுவது உலகம் அறிந்த விஷயம். ஆனால் இந்தத் தடவை அவர் சொன்ன வாக்கு பலித்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முத்தாம்பாள் பெயரில் ஓர் ஊர்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைச் சாலையில் தெற்கே ஒரு மணி நேரம்கூட ஆகாது. கார்த்திகை மாதம். இரவு பெய்த மழையில் சாலை குளித்துவிட்டு நின்றது. இரு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். பாய் விரித்தாற்போல் என்று எழுதிவிடலாம். ஆனால் எந்தப் பாய்க்கு அந்தப் பச்சை உண்டு?

இந்தப் பச்சை ஆதிகாலத்துப் பச்சை அல்ல. பழைய டெல்டாவின் வாய்க்கால்கள் இந்த மேட்டுப் பகுதிகளுக்கு எட்டவில்லை. மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934-ல் கல்லணைக் கால்வாயும் திறக்கப்பட்டது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'புது ஆறு'. புது ஆற்றுக்குத் தொண்ணூறு வயது ஆகிவிட்டது. இன்னும் அது புது ஆறுதான்!

ஒரத்தநாட்டுக்கு முத்தாம்பாள்புரம் என்றும் ஒரு பெயர் உண்டு. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னருக்குப் பிரியமானவளாக இருந்தவள் முத்தாம்பாள். தன் பெயரில் ஓர் அன்னசத்திரம் இருக்க வேண்டும் என்று இறக்கும் தறுவாயில் அவள் கேட்டுக்கொண்டாளாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில் மன்னர் கட்டிய அந்தச் சத்திரத்தினால்தான் அவள் பெயர் இன்றைக்கும் நிற்கிறது. போகிறவள் தங்க நகையையோ மாளிகையையோ கேட்கவில்லை. வழிப்போக்கனுக்கு ஒரு வேளைச் சோறு கேட்டாள். இந்தச் சத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

குளத்தங்கரை வழக்கு

மாமா வீட்டுக் கொல்லையில் ஒரு குளம். குளத்தங்கரையில் ஒரு பெரிய புளியமரம். நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் அந்த மரத்தின் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"வாங்க மாப்பிள்ளை. நல்ல சமயத்தில் வந்தீங்க. உங்க அத்தை மரத்தை வெட்டணும்கிறா. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க" என்றார் மாமா.

அத்தை சமையல் கட்டிலிருந்தே வாதத்தைத் தொடங்கினாள். "தம்பி, நீங்க போய்ப் படித்துறையைப் பாருங்க. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. பாத்திரம் வைக்க முடியல்லே, துணி துவைக்க முடியல்லே. நாத்தம் வேறே. தை மாசம் வீட்டிலே கல்யாணம். சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து மூக்கைப் பிடிச்சுக்கிட்டா சாப்பிடுவாங்க?"

போய்ப் பார்த்தேன். அத்தை சொன்னதில் மிகை இல்லை. மரம் முழுவதும் நீர்க்காகங்களும் கொக்குகளும் வக்காக்களும். கிளைகளில் வெள்ளை, இலைகளில் வெள்ளை, படியில் வெள்ளை. மர வியாபாரி ஒருவர் ஏற்கெனவே வந்து அடிமரத்தை அளந்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காலையில் அவர் பணத்தோடு வருவதாக ஏற்பாடு.

தீர்ப்பை ஒத்தி வைத்துவிட்டு மாமாவுடன் வயலுக்குப் போனேன்.

வயலில் விழுந்த பழுப்பு

மாமாவுக்கு நிலம் பதினைந்து மா. மூன்று மா ஓர் ஏக்கர் என்பது தஞ்சாவூர்க் கணக்கு. நட்டு மூன்று வாரம் ஆன தாளடிப் பயிர். தூரத்திலிருந்து பார்த்தால் குறை தெரியவில்லை. வரப்பில் குனிந்து பார்த்தபோது ஓரிடத்தில் பயிர் குட்டையாக நின்றது. அடி இலைகளில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள். குருத்து இலையின் நடு நரம்பு அடியில் வெளுத்திருந்தது.

"பூச்சியா, மாமா?"

"பூச்சி இல்லே மாப்பிள்ளை. ஜிங்க் பத்தலை."

1966-ல் வட இந்தியாவில் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நேனே என்ற விஞ்ஞானி இந்தப் பழுப்பின் மர்மத்தை வெளிப்படுத்தினார். அங்கே விவசாயிகள் 'கைரா' என்று சொல்லி வந்த நெல் நோய்க்குக் காரணம் கிருமி அல்ல, துத்தநாகப் பற்றாக்குறை என்று அவர் கண்டார். மண்ணில் துத்தநாகம் அடியோடு இல்லை என்பதில்லை. தண்ணீர் கட்டிய வயலில் அது பயிருக்கு எட்டாத வடிவத்துக்குப் போய் ஒளிந்துகொள்கிறது. வீட்டில் நெல் இருந்தும் குதிருக்குச் சாவி இல்லாத கதை!

இதற்கு நமது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வைத்தியம் எளியது. நடவுக்குச் சற்று முன்பு ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை 50 கிலோ காய்ந்த மணலோடு கலந்து தூவ வேண்டும். ஏக்கருக்குப் பத்துக் கிலோ. அதோடு இன்னொன்றும் சொல்கிறார்கள். பசுந்தாள் உரமோ ஊட்டமேற்றிய தொழு உரமோ போட்டிருந்தால், 25 கிலோ வேண்டாம்; பாதி, அதாவது பன்னிரண்டரைக் கிலோவே போதும்!

மக்கிய பொருள் உலோகத்தைக் கைப்பிடித்து அழைத்துவந்து வேரிடம் விடுகிறது. ஒளிந்துகொள்ள விடுவதில்லை. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்கப்பா காலத்திலே ஜிங்க் வாங்கினதே கிடையாது. கோடையிலே குளத்து வண்டலை வெட்டி, வண்டி வண்டியா வயலுக்கு அடிப்பாரு. புளியமரத்தடி வண்டலை மட்டும் நாத்தங்காலுக்குன்னு தனியா வெச்சுக்குவாரு" என்றார் மாமா.

"ஏன் அதை மட்டும்?"

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நான் கேட்டுக்கலை."

துப்பறியும் ஊர்

அன்று பிற்பகல் மன்னார்குடி போகிற பஸ்ஸில் ஏறினோம். அரை மணிக்குச் சற்று மேல் போனால் வடுவூர். திருவாரூர் மாவட்டம்.

துப்பறியும் நாவல் படிக்கிற வழக்கமுள்ளவர்கள் இந்த ஊரின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊர் அல்லவா! அவர் படைத்த திகம்பர சாமியார் அவிழ்க்காத முடிச்சு உண்டா? 1950-ல் அவர் சினிமாவிலும் வந்துவிட்டார். ஆகவே நம்முடைய மர்மத்தை அவிழ்க்கவும் வடுவூரைவிட ஏற்ற இடம் வேறு இல்லை.

ஊரை ஒட்டிய பெரிய ஏரி 1999-ல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. கரையில் ஏறி நின்றோம். தண்ணீருக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கருவேல மரங்கள். மரம் தெரியாதபடி பறவைகள். நத்தை குத்தி நாரை, வக்கா, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன். தண்ணீரில் நாமக்கோழிகள் கூட்டம் கூட்டமாக நெற்றி நாமத்தோடு மிதந்தன. சந்தைக் கூச்சல் தோற்றுவிடும்.

நத்தை குத்தி நாரையின் அலகுக்கு நடுவே சிறிய இடைவெளி உண்டு. அது வயல்களுக்குப் போய் நத்தையைப் பிடித்துத் தின்கிறது. மாலையில் ஏரிக்குத் திரும்புகிறது. எச்சம் தண்ணீரில் விழுகிறது. ஏரித் தண்ணீர் மதகு வழியாக மறுபடி வயலுக்கே போகிறது. வயலில் எடுத்தது வயலுக்கே திரும்புகிறது!

"சரி, இதற்கும் தென்துருவத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பீர்கள். மாமாவும் அதைத்தான் கேட்டார். கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லுகிறேன்.

இரும்புக்கு ஏங்கும் கடல்

தென்துருவத்தைச் சுற்றியுள்ள கடலில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏராளம். உரக்கடையைக் கவிழ்த்துக் கொட்டிய மாதிரிதான். ஆனாலும் பெரும் பரப்பில் பயிர் விளைவதில்லை. கடலில் என்ன பயிர் என்கிறீர்களா? கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். சூரிய ஒளியில் கரியமில வாயுவை உண்டு வளர்கிறவை. கடலில் உள்ள அத்தனை ஜீவன்களுக்கும் இவையே நெல்.

எல்லாச் சத்தும் இருந்தும் ஏன் விளையவில்லை? அமெரிக்கக் கடல் விஞ்ஞானி ஜான் மார்ட்டின் 1980-களின் இறுதியில் துணிந்து ஒரு விடை சொன்னார்: இரும்பு போதவில்லை! நிலத்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் கடலுக்கு இரும்புள்ள புழுதி அதிகமாகப் போய்ச் சேர்வதில்லை. சேர்கிற கொஞ்சமும் துருவாகிக் கீழே இறங்கிவிடுகிறது. 1993-ல் அவர் காலமானார். அதே ஆண்டில் அவருடைய சகாக்கள், இரும்புக்கு ஏங்கும் இன்னொரு கடலாகிய கலாபகோஸ் தீவுப் பக்கத்துப் பசிபிக்கில் சுமார் 450 கிலோ இரும்பைக் கரைத்து விட்டார்கள். தண்ணீர் பச்சை பிடித்தது. மாமாவின் வயலில் துத்தநாகம், அங்கே இரும்பு. நோய் ஒன்றுதான்!

தென்துருவக் கடலில் பாசியைத் தின்று வாழ்வது கிரில் என்ற சிறிய ஜீவன். நம் கடற்கரைச் சந்தையில் கூனி விற்கிறார்களே, அதன் தூரத்து உறவு. கிரிலைத் திமிங்கிலமும் பெங்குவினும் தின்கின்றன. தின்றவை தமக்கு வேண்டிய இரும்பை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விடுகின்றன. திமிங்கிலத்தின் கழிவில், அந்தக் கடல்நீரில் இருப்பதைப்போல் சுமார் ஒரு கோடி மடங்கு இரும்பு செறிந்திருப்பதாக 2010-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

பெங்குவின் கணக்கை எடுத்தவர்கள் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானிகள். தாடையின் கீழே கறுப்புக் கோடு கிழித்தாற்போல் இருக்கும் ஒரு வகைப் பெங்குவினை அவர்கள் ஆராய்ந்தார்கள். அதன் எச்சத்தில் கிராமுக்குச் சுமார் 3 மில்லிகிராம் இரும்பு இருந்தது. இந்த ஒரு ஜாதிப் பெங்குவின் மட்டும் ஆண்டுக்கு 521 டன் இரும்பைக் கடலில் மறுசுழற்சி செய்கிறது என்று 2023-ல் வெளியிட்டார்கள். ஐம்பது லாரிச் சுமை! இரும்போடு துத்தநாகம், செம்பு, மாங்கனீசு முதலியவையும் துளித் துளியாக வெளிவருகின்றன. எச்சத்தில் உள்ள கரிமப் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு, உடனே துருவாகி மூழ்கிவிடாமல் மிதக்க வைக்கவும் உதவுகின்றன. பசுந்தாள் உரம் மாமாவின் வயலில் செய்கிற அதே உபகாரம்.

இப்போது முத்தாம்பாள் சத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெங்குவின் கூட்டம் நடத்துவதும் ஓர் அன்னசத்திரம்தான். கிரில் விருந்துண்டு போகிறவன், பாசிக்கு ஒரு பிடி வைத்துவிட்டுப் போகிறான். பாசி கிரிலுக்கு, கிரில் மறுபடி பெங்குவினுக்கு.

ஆனால் அதே விஞ்ஞானிகள் வருந்தத்தக்க செய்தியையும் சொன்னார்கள். இந்தப் பெங்குவினின் தொகை 1980-களுக்குப் பின் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அது கடலுக்குத் திருப்பிக் கொடுக்கும் இரும்பும் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது.

அன்னபேதி போட்ட கதை

"அதுக்கென்ன, கப்பல்லே இரும்பை ஏத்திக்கிட்டுப் போய்க் கொட்டிட்டாப் போச்சு" என்றார் மாமா.

மாமா மட்டுமா அப்படி நினைத்தார்? 2009-ல் கோவாவிலுள்ள நமது தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்பிரெட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து அதையே செய்து பார்த்தன. சோதனைக்குப் பெயரே 'லோஹாபெக்ஸ்'. லோஹா என்றால் இரும்பு. 'போலார்ஸ்டெர்ன்' என்ற கப்பலில் போய்த் தென் கடலில் டன் கணக்கான இரும்பு சல்பேட்டைக் கரைத்தார்கள். நம் வைத்தியர்கள் அன்னபேதி என்கிறார்களே, அதுதான். பாசி வளர்ந்தது. ஆனால் வளர்ந்த பாசியைச் சின்னஞ்சிறு கடல் ஜீவன்கள் மேய்ந்து தீர்த்துவிட்டன. பாசி உண்ட கரி ஆழத்துக்கு இறங்கிக் காற்றுச் சுத்தமாகும் என்று எதிர்பார்த்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை.

கொட்டுவது ஒன்று, பறவை நாள் தவறாமல், இடம் பார்த்து, உண்டதற்கு ஈடாகத் திருப்பிக் கொடுத்து வருவது மற்றொன்று.

மாமா வெகு நேரம் பேசவில்லை. நத்தை குத்திகள் வந்து இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரிந்தவர்களும் தெரியாதவர்களும்

எச்சத்தின் மதிப்பைத் தெரியாமல் கெட்டவர்கள் உண்டு; தெரிந்தும் கெட்டவர்கள் உண்டு. பெரு நாட்டின் சிஞ்சா தீவுகளில் நீர்க்காக ஜாதிப் பறவைகளின் எச்சம் யுகயுகமாக மலைபோல் குவிந்து கிடந்தது. 1804-ல் ஹம்போல்ட் என்ற ஜெர்மன் அறிஞர் அதில் கொஞ்சம் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். 1840-களிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி. சீனாவிலிருந்து கூலிகளை ஒப்பந்தம் பேசிக் கொண்டுவந்து வதைத்து வெட்டினார்கள். 1864-ல் ஸ்பெயின் இந்தத் தீவுகளைப் பிடித்துக்கொண்டு யுத்தமே மூண்டது. பறவை எச்சத்துக்கு யுத்தம்! 1870-கள் முடிவதற்குள் அந்த மலைகள் தீர்ந்துபோயின.

நம் செங்கற்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல் ஜனங்கள் வேறு ரகம். ஏரியில் பறவை அடையும் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு எந்த விஞ்ஞானியும் சொல்லாமலே தெரிந்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைச் சுடக்கூடாது என்று கவுல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். ஆனால் தங்கள் வயல் எதனால் விளைகிறது என்பதைப் படித்து வைத்திருந்தார்கள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எச்சம் எல்லாம் அமிர்தம் அல்ல. அளவுக்கு மிஞ்சினால் மரம் பட்டுப்போகும். சின்னக் குட்டையில் தண்ணீர் அழுகும். மேலும், பறவை எதைத் தின்கிறதோ அதைத்தான் விடும். கனடாவின் வடகோடியில் டெவன் தீவில் கடற்பறவைகள் கூடு கட்டும் பாறையடிக் குளங்களை ஆராய்ந்தவர்கள், அங்கே பாதரசமும் டிடிடியும் சேர்ந்திருப்பதை 2005-ல் தெரிவித்தார்கள். யாரோ எங்கேயோ தெளித்த பூச்சிமருந்து! பறவை நேர்மையான கணக்கப்பிள்ளை. நாம் வரவில் விஷத்தை எழுதினால், செலவில் அமிர்தம் எழுதாது.

நாரை எச்சத்தினால் மட்டும் பதினைந்து மாவுக்குத் துத்தநாகம் கிடைத்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். சொன்னால் மாமாவே சிரிப்பார். திரும்புகிற வழியில் ஒரத்தநாட்டுக் கடையில் ஜிங்க் சல்பேட் வாங்கத்தான் செய்தோம். நின்ற பயிருக்கு அரை சதவிகிதம் ஜிங்க் சல்பேட்டும் ஒரு சதவிகிதம் யூரியாவும் கரைத்து இலைமேல் தெளிக்க வேண்டும். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராமும் நூறு கிராமும். ஆனால் பணம் கொடுக்கும்போது மாமா கடைக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "நாங்க வீட்டிலே வெச்சிருந்ததைத் தூக்கி எறிஞ்சிட்டு, கடையிலே வந்து வாங்கறோம்."

தீர்ப்பு

தமிழில் 'எச்சம்' என்ற சொல் எவ்வளவு அழகானது! பறவை போடுவதும் எச்சம், மிச்சமும் எச்சம், ஒருவன் இவ்வுலகில் விட்டுப்போகும் புகழும் மக்களும்கூட எச்சம்தான். வள்ளுவர் மனிதனின் தகுதியை அளக்க எடுத்துக்கொண்ட அளவுகோலும் இதுவே. முத்தாம்பாளின் எச்சம் சத்திரம். மாமாவின் தகப்பனார் விட்டுப்போனது அந்தப் புளியமரத்தடி வண்டல்.

மறுநாள் காலை மர வியாபாரி வந்தார். மாமா அவருக்குக் காபி கொடுத்து உபசரித்தார். பிறகு, "மரம் விலைக்கு இல்லீங்க" என்றார்.

அத்தை வாசற்படிக்கு வந்துவிட்டாள். "அப்போ என் படித்துறை?"

"எதிர்க்கரையிலே புதுசாக் கட்டித் தரேன். கல்யாணப் பந்தலை வாசல் பக்கம் போட்டுக்கலாம். கோடையிலே மரத்தடி வண்டலை வெட்டி நாத்தங்காலுக்கு அடிக்கப் போறேன்."

அத்தை சற்று யோசித்தாள். "படித்துறையைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே கட்டணும்" என்றாள். வழக்கு ராஜியாயிற்று.

விடைபெறுமுன் குளத்தங்கரைக்குப் போய் நீர்க்காகங்களிடம் நல்ல செய்தியைச் சொல்லி வரலாம் என்று மரத்தடியில் நின்றேன். அண்ணாந்து பார்த்தது தவறு. அவை தங்கள் நன்றியை உடனே தெரிவித்துக்கொண்டன.

அந்தச் சட்டையை நான் துவைக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதினேன் என்பதற்கு ஆசிரியரிடம் காட்ட வேறு சான்று வேண்டாம் அல்லவா?